'டு'வுக்குப் பின்னால் வரும் 'செல்ஃப்' யாரைக் குறிக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலப் பயிற்சியில், இன்ஃபினிட்டிவுக்குப் ('டு' சேர்ந்து வரும் வினைக்கு) பிறகு ரிஃப்ளெக்சிவ் ப்ரனவுன் ('செல்ஃப்' என்று முடியும் சுட்டுப்பெயர்) போட ஒரு சுருக்குவழி சொல்லப்பட்டிருந்தது. 'டு'வுக்கு முன்னால் எந்தப் பெயர் மிக அருகில் நிற்கிறதோ அதற்கேற்ப 'ஹிம்செல்ஃப்', 'ஹெர்செல்ஃப்' என்று போட்டுவிட்டால் போதும் என்பது அந்த வழி. பல வாக்கியங்களில் இது சரியான விடையையே தந்துவிடும். அதனால்தான் மாணவர்கள் இதை நம்பிவிடுகிறார்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களோ இது கைவிடும் இடங்களாகப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

பார்க்க வேண்டியது அருகில் நிற்கும் பெயரை அல்ல, 'டு'வுக்குப் பின்னால் வரும் வேலையைச் செய்பவர் யார் என்பதை. 'ரவி பர்சுவேடட் மாலா டு டிஃபெண்ட் ஹெர்செல்ஃப்' என்பதில் வாதாடப் போகிறவள் மாலா. எனவே 'ஹெர்செல்ஃப்'. 'பர்சுவேடட்' இருந்த இடத்தில் 'ப்ராமிஸ்ட்' என்று மாற்றிப் பாருங்கள். வாக்குக் கொடுத்தவன் ரவி, அதை நிறைவேற்ற வேண்டியவனும் அவனே. ஆகவே, 'ரவி ப்ராமிஸ்ட் மாலா டு டிஃபெண்ட் ஹிம்செல்ஃப்'. இரண்டிலும் 'டு'வுக்குப் பக்கத்தில் நிற்பது மாலாதான், ஆனாலும் விடை மாறுகிறது.

டெல், ஆர்டர், அட்வைஸ், அலவ், ஃபோர்ஸ், என்கரேஜ் என்று ஒருவரைக் கொண்டு வேலை வாங்கும் வினைகள் எல்லாம் 'பர்சுவேட்' கட்சி. 'ப்ராமிஸ்' கிட்டத்தட்ட தனி ஆள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே இதில் தடுக்கி விழுவதை மொழியியலாளர் கேரல் சாம்ஸ்கி 1969இல் வெளியான ஆய்வில் காட்டியிருக்கிறார். பொம்மைகளை வைத்து, 5 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளிடம் சோதித்தார். ஒரு பொம்மை இன்னொன்றுக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொன்னால், பலர் வாக்குப் பெற்ற பொம்மையைக் கொண்டு அந்த வேலையைச் செய்யவைத்தார்கள். பெரியவர்களிலும் 'ப்ராமிஸ்ட் ஹெர் டு' என்ற அமைப்பு காதுக்கு இடறுகிறது என்பவர்கள் உண்டு. எழுதும்போது 'ப்ராமிஸ்ட் மாலா தட் ஹி வுட் டிஃபெண்ட் ஹிம்செல்ஃப்' என்று விரித்துவிட்டால் வம்பில்லை.

சுருக்குவழி அடுத்துச் சறுக்குவது பாசிவ் வாய்ஸில் (செயப்பாட்டு வினையில்). 'மாலா வாஸ் டோல்ட் பை ரவி டு பிஹேவ் ஹெர்செல்ஃப்' என்பதில் 'டு'வை ஒட்டி நிற்பவன் ரவி. ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டியவள் மாலா. 'மாலா சீம்ட் டு ரவி டு பி டாக்கிங் டு ஹெர்செல்ஃப்' என்பதும் அப்படித்தான். ரவியின் கண்ணுக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவே. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவள் மாலா. 'ஆஸ்க்' என்ற வினையிலும் ஒரு கண் இருக்கட்டும். 'ரவி ஆஸ்க்ட் த டீச்சர் டு எக்ஸ்ப்ளெயின் ஹெர்செல்ஃப்' என்றால் விளக்கம் தர வேண்டியவர் ஆசிரியை. 'ரவி ஆஸ்க்ட் த டீச்சர் டு பி அலவ்ட் டு எக்ஸ்ப்ளெயின் ஹிம்செல்ஃப்' என்றால் ரவி அனுமதி கேட்கிறான், விளக்கப் போகிறவனும் அவனே.

சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. 'டு'வுக்குப் பிந்தைய பகுதியைத் தனியே உருவி, அதற்கு ஓர் எழுவாய் கொடுத்து முழு வாக்கியமாக்க வேண்டும். 'மாலா வில் டிஃபெண்ட்...' என்று வந்தால், செயலுக்கு ஆளாகிறவரும் மாலாவா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் 'ஹெர்செல்ஃப்'. வேறு ஆள் என்றால் வெறும் 'ஹிம்', 'ஹெர்', 'மி'. இந்த இரண்டாம் பாதியைத்தான் நம் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது.

'ரவி மாலாவிடம் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னான்' என்றால் யாரைப் பற்றி? ரவியைப் பற்றி என்றே பெரும்பாலோர் கொள்வார்கள், மாலாவைப் பற்றி என்று கொள்ளவும் இடமுண்டு. நம் 'தன்னை' எச்ச வினையைத் தாண்டி முதன்மை எழுவாயைப் போய்ப் பிடிக்கும். ஆண், பெண் வேறுபாடும் காட்டாது. ஆங்கில 'செல்ஃப்', 'டு'வுக்குப் பின்வரும் வேலையையும் அதைச் செய்பவரையும் சுற்றிய வேலியைத் தாண்டாது. ரவியைப் பற்றி என்றால் 'ரவி டோல்ட் மாலா டு டாக் அபவுட் ஹிம்', மாலாவைப் பற்றி என்றால் 'அபவுட் ஹெர்செல்ஃப்'. 'தன்னை' என்று மனத்தில் ஓடுவதால் இங்கே 'ஹிம்செல்ஃப்' எழுதுகிறவர்கள் ஏராளம். அது பிழை. வேலி எது என்பதை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1981இல் இலக்கணக் கொள்கையாகவே வகுத்தார். பள்ளி மாணவருக்கு அந்தக் கொள்கை வேண்டாம், மேலே சொன்ன சோதனையே போதும்.

தன்மையில் சிக்கல் வேறு மாதிரி. 'என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்', 'என்னை அழைத்துப் போகச் சொன்னேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'என்னை'. ஆங்கிலத்தில் முதலாவது 'ஐ வுட் லைக் டு இன்ட்ரட்யூஸ் மைசெல்ஃப்'. இரண்டாவது 'ஐ டோல்ட் ஹெர் டு டேக் மி'. அழைத்துப் போகிறவள் அவள் என்பதால் அங்கே 'மைசெல்ஃப்'புக்கு வேலையில்லை. அலுவலகக் கடிதங்களில் மரியாதைக்காக எழுதப்படும் 'ஃபீல் ஃப்ரீ டு கான்டாக்ட் மைசெல்ஃப்' இதே வகைப் பிழை. ('மைசெல்ஃப் குமார்' என்ற அறிமுகத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

முன்னிலையில் ஒருமை, பன்மை பார்க்க வேண்டும். 'யூ' மாறாது, 'செல்ஃப்' மாறும். வகுப்பு முழுவதையும் பார்த்து 'ஐ வான்ட் யூ ஆல் டு இன்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்' என்பது தவறு, 'யுவர்செல்வ்ஸ்' என்று வர வேண்டும். வேலையைச் செய்பவர் யாரென்றே சொல்லப்படாவிட்டால் 'ஒன்செல்ஃப்': 'இட் இஸ் ஹார்ட் டு நோ ஒன்செல்ஃப்'. பேச்சில் 'யுவர்செல்ஃப்' என்பதும் சரியே. 'ஃபார்' போட்டு ஆளைச் சொல்லிவிட்டால் அவருக்கேற்ப மாற வேண்டும்: 'இட் இஸ் ஈஸி ஃபார் சில்ட்ரன் டு ஹர்ட் தெம்செல்வ்ஸ்'.

எல்லா வினைக்கும் 'செல்ஃப்' ஒட்டாது என்பதையும் அந்தப் பயிற்சி சொல்லவில்லை. தமிழில் 'கொள்' வருகிற இடமெல்லாம் 'செல்ஃப்' போடும் பழக்கத்தால் 'ட்ரை டு கான்சன்ட்ரேட் யுவர்செல்ஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ட்ரை டு கான்சன்ட்ரேட்' என்பதோடு நிறுத்த வேண்டும். வாஷ், ஷேவ், டிரஸ் ஆகியவற்றுக்கும் பொதுவாகத் தேவையில்லை; சின்னக் குழந்தையோ நோயிலிருந்து தேறுகிறவரோ பிறர் உதவியின்றிச் செய்வதைச் சொல்லும்போது மட்டும் 'லேர்னிங் டு டிரஸ் ஹிம்செல்ஃப்' என்று வரும். மாறாக 'ப்ரைட்' (பெருமைப்படு), 'ஆப்சன்ட்' (வராதிரு) ஆகியவை வினையாக வரும்போது 'செல்ஃப்' இன்றி நிற்காது. 'டு அவெயில் த லீவ்' என்பது இந்திய அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கு, பிரிட்டிஷ் நடையில் 'டு அவெயில் ஒன்செல்ஃப் ஆஃப்' என்பதே முறை.

மேலே சொன்ன சோதனைக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இடத்தையோ உடனிருப்பதையோ காட்டும் ப்ரெபொசிஷனுக்குப் ('வித்' போன்ற முன்னிடைச்சொல்லுக்குப்) பின் ஆள் ஒன்றே ஆனாலும் வெறும் ப்ரனவுன்தான் இயல்பு. 'ரவி டோல்ட் மாலா டு டேக் அன் அம்ப்ரெல்லா வித் ஹெர்' என்பதே சரி, 'வித் ஹெர்செல்ஃப்' அல்ல. 'லுக் அட்' போல வினையோடு ஒட்டிய ப்ரெபொசிஷன் என்றால் 'டு லுக் அட் ஹெர்செல்ஃப்' என்று 'செல்ஃப்' திரும்பிவரும்.

அருகிலிருக்கும் பெயரைப் பார்க்கச் சொல்லும் அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி, 'ப்ராமிஸ்' வாக்கியத்தையும் பாசிவ் வாக்கியத்தையும் பயிற்சியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய பயிற்சியைக் கத்தரித்து வைத்திருக்கும் மாணவர்கள் கண்ணில் படும்படி அதே பக்கத்தில் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.