முட்டி வலியும் லீ நாவும்

அன்புள்ள கேப்டனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, அதனால்தான் தாமதம். வலது முட்டி. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சின்ன வயசுல ஏதாவது விளையாடினீங்களா?" என்று கேட்டார். பூப்பந்து என்றேன். "ஷட்டிலா?" என்றார். இல்லை டாக்டர், கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாவட்டப் போட்டியில் நாம் வாங்கிய கோப்பைக்கு அவ்வளவுதான் மரியாதை.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாறி ஓசூர் போய்விட்டான். அம்மாவுக்குக் காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதுவும் தனக்கு வேண்டாத பேச்சுக்கு மட்டும்.

சின்னவளைப் பற்றி எழுதியிருந்தாய். ராக்கெட்டை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள், இனி எந்தப் போட்டிக்கும் வர மாட்டேன் என்கிறாள், நீ என்ன சொல்வாய் என்று கேட்டிருந்தாய். பதினாலு வயதுப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்று எனக்கு மட்டும் தெரியுமா? ஆனால் ஒரு மாதமாக நான் வேறொரு பெண்ணோடுதான் காலையும் மாலையும் கழிக்கிறேன். அவளைப் பற்றி எழுதுகிறேன்.

துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்த வேண்டும். இப்படி முப்பது தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அலுப்புத் தட்டாமல் இருக்க போனில் பழைய டென்னிஸ் ஆட்டங்களைப் போட்டுக்கொண்டேன். அப்படித்தான் லீ நா மாட்டினாள். பெயர் உனக்கு ஞாபகம் இருக்கும். 2011-ல் பிரெஞ்சு ஓபன் ஜெயித்த சீனப் பெண். ஆசியாவிலிருந்து கிராண்ட்ஸ்லாம், அதாவது டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றில், ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் ஆள், ஆண் பெண் இருவரிலும்.

ஊர் வூஹான். 1982-ல் பிறந்தவள். இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் கொரோனாதான் நினைவுக்கு வருகிறது, பாவம் அந்த ஊர். அப்பா பேட்மிண்டன் ஆட்டக்காரர். அதனால் ஐந்தாறு வயதிலேயே இவளையும் அதில் சேர்த்துவிட்டார். கொஞ்ச நாளில் பயிற்சியாளர்கள் பார்த்துவிட்டு, இவள் டென்னிஸுக்குத்தான் லாயக்கு என்று மாற்றிவிட்டார்கள். அவளைக் கேட்டு மாற்றவில்லை. அங்கே அப்போது டென்னிஸ் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது. வாய்த்த பயிற்சியாளரும் கடுமையானவர், பாராட்டாக ஒரு வார்த்தை வந்தாலே அபூர்வம். நம் பி.டி. டீச்சரை நினைத்துக்கொள், அவராவது ஜெயித்தால் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்.

பதினாலு வயதில் அப்பா போய்விட்டார். இதய நோய். அந்தச் சமயம் இவள் வெளியூரில் ஒரு போட்டியில் இருந்தாள். ஆட்டம் கெட்டுவிடும் என்று போட்டி முடியும்வரை சொல்லவே இல்லை. இந்த இடத்தைப் படித்த அன்று நான் துண்டை அழுத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா படுத்திருந்தேன்.

அங்கே அப்போது முறையே அப்படி. சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி, போட்டிக்கான பயணம் எல்லாம் அரசாங்கத்தின் செலவு. எந்தப் போட்டியில் ஆட வேண்டும், ஒற்றையரா இரட்டையரா, யாரிடம் கற்க வேண்டும் என்பதையும் அரசாங்கமே முடிவு செய்யும். பரிசுப் பணத்தில் 65 சதவீதம் அதற்கே போய்விடும். தங்கப்பதக்கம் அறுவடை செய்வதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் டென்னிஸ் என்பது வருடத்தில் பத்து மாதம் ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிற ஆட்டம். தனக்கு எது நல்லது என்று தானே யோசிக்கத் தெரியாதவளால் அங்கே எத்தனை நாள் நிற்க முடியும்?

2002-ல், இருபது வயதில், இவள் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள். ஓய்வு கேட்டு ஒரு கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, பயிற்சி மையத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். வூஹானுக்குத் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இதழியல் படித்தாள். கூடவே ஜியாங் ஷான். அவனும் டென்னிஸ் அணியில் இருந்தவன், இவளுடைய காதலன், பிற்பாடு கணவன். இரண்டு வருடம் ராக்கெட் இல்லாத வாழ்க்கை. காலையில் எழுந்து வகுப்புக்குப் போவது, கடைத்தெருவில் சுற்றுவது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இந்த இரண்டு வருடம்தான் நினைவுக்கு வந்தது. எழுதுகிறவர்கள் எல்லாம் இதை ஒரு வரியில் தாண்டி அடுத்த கோப்பைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ அந்த வாழ்க்கையில் முக்கியமான இடமே இதுதான் என்று படுகிறது. ஐந்து வயதிலிருந்து மற்றவர்கள் கையில் திணித்ததைப் பிடித்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அதைக் கீழே வைத்துப் பார்த்தாள்.

2004-ல் திரும்பி வந்தாள். சுன் ஜின்ஃபாங் என்ற பெண்மணி, பழைய கைப்பந்து வீராங்கனை, அப்போது டென்னிஸ் நிர்வாகத்துக்கு வந்திருந்தார். அவர்தான் பேசிப் பேசிக் கூட்டி வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் குவாங்சோவில் பட்டம். டபிள்யூ.டி.ஏ. என்கிற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் சீனப் பெண் இவள்தான். 2006-ல் விம்பிள்டன் காலிறுதி. அப்புறம் முட்டி. அதற்கு வருகிறேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக். சொந்த நாடு, நிறைந்த கூட்டம். வீனஸ் வில்லியம்ஸைத் தோற்கடித்து அரையிறுதி வரை வந்துவிட்டாள். கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை, பாயின்ட்டுக்கு நடுவில் கத்துகிறார்கள். இவள் திரும்பி, வாயை மூடுங்கள் என்று கத்தினாள். சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்து! அந்த ஆட்டத்திலும் தோற்றாள், வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் தோற்றாள், ஊரெல்லாம் பேச்சு வாங்கினாள். நீ ஒருமுறை மைதானத்து ஓரத்தில் நின்று கத்திய உன் பெரியப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினாயே, அன்று வீட்டில் நடந்த பூசை நினைவிருக்கிறதா? அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக்கொள்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு மாற்றம் வந்தது. இவளையும் ஜெங் ஜியே, யான் சி, பெங் ஷுவாய் ஆகியோரையும் தனியாக ஆட விட்டார்கள். 'தனித்துப் பறத்தல்' என்று அதற்குப் பெயர். பயிற்சியாளரை நீயே வைத்துக்கொள், செலவை நீயே பார்த்துக்கொள், வருமானத்தில் 8 முதல் 12 சதவீதம் கொடுத்தால் போதும். எல்லோரும் இவளைக் கலகக்காரி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. வேலை செய்கிறவள் தன் சம்பளத்தைத் தானே எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டாள். இதில் என்னடி கலகம்?

சரி, 2011. ஆஸ்திரேலிய ஓபன் இறுதிவரை வந்துவிட்டாள், எதிரில் கிம் கிளைஸ்டர்ஸ். முதல் செட் இவளுக்கு. அப்புறம் கூட்டத்தில் இருந்த சீனர்கள் இப்படி அடி அப்படி அடி என்று கத்த ஆரம்பித்தார்கள். இவள் நடுவரிடம் போய், எனக்கு டென்னிஸ் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அரையிறுதி முடிந்து மைதானத்திலேயே கொடுத்த பேட்டியைப் பார்க்க வேண்டும். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, கணவன் குறட்டை விட்டான் என்கிறாள். அரங்கமே சிரிக்கிறது. எதனால் மீண்டு வந்தாய் என்று கேட்டால், பரிசுப் பணம் என்று பட்டென்று பதில். எனக்கு இவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

நான்கு மாதத்தில் பாரிஸ். க்விட்டோவா, அசரென்கா, ஷரபோவா என்று வரிசையாக முடித்துவிட்டு, இறுதியில் முந்தைய ஆண்டு சாம்பியன் ஸ்கியாவோனே. 6-4, 7-6. செட்டை முடிவு செய்கிற டை-பிரேக்கரில் ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கவில்லை, 7-0. செம்மண்ணில் மல்லாந்து விழுந்தாள். சீனாவில் மட்டும் 11 கோடிப் பேருக்கு மேல் தொலைக்காட்சியில் பார்த்தார்களாம். அப்போது அவளுக்கு 29 வயது. அந்த வயதில் டென்னிஸில் பாதிப் பேர் கடையைக் கட்டிவிடுவார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கணவன்தான் பயிற்சியாளர். ஒரு பந்து தவறினால் போதும், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அவனைப் பார்த்துக் கத்துவாள். அவன் கல் மாதிரி உட்கார்ந்திருப்பான். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்துத்தான் பழகுகிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். 2012-ல் கார்லோஸ் ரோட்ரிகஸ் பயிற்சியாளராக வந்தார், ஜஸ்டின் ஹெனானை உருவாக்கியவர். கணவன் கணவனாக மட்டும் இருக்க முடிந்தது. இருவருக்கும் நல்லதாகப் போயிற்று.

2013 ஆஸ்திரேலிய இறுதியை நான் நான்கு தடவை பார்த்துவிட்டேன். அசரென்காவோடு. முதல் செட்டை எடுத்துவிட்டாள். இரண்டாவது செட்டில் இடது கணுக்கால் பிசகியது. கட்டுப்போட்டுக்கொண்டு ஆடினாள். மூன்றாவது செட்டில் ஆஸ்திரேலிய தின வாணவேடிக்கைக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள். திரும்ப ஆரம்பித்த உடனே பந்தைத் துரத்திப் போனவள் மறுபடி விழுந்தாள், தலை பின்பக்கமாகத் தரையில் மோதியது. டாக்டர் ஓடி வந்து முகத்துக்கு நேராக விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணால் தொடரச் சொல்கிறார். இவள் அந்த விரலைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே சிரிக்கிறாள். கிராண்ட்ஸ்லாம் இறுதி, தலையில் அடி, உலகமே பார்க்கிறது, இவளுக்கு அந்த விரல் வேடிக்கையாக இருக்கிறது. எழுந்து ஆடித் தோற்றாள். மேடையில் வெளிச்சம் விழுந்தபோது ஜெயித்தவளைவிட இவளுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று என் காதுக்குப் பட்டது.

அடுத்த வருடம் அதே அரங்கம். மூன்றாவது சுற்றிலேயே வெளியே போயிருக்க வேண்டியவள். சஃபரோவாவுக்கு மேட்ச் பாயின்ட், இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் ஆட்டமே அவளுக்கு, அவள் அடித்த பேக்ஹேண்ட் கோட்டுக்குச் சில அங்குலம் வெளியே விழுந்தது. இவள் பிழைத்தாள், இறுதியில் சிபுல்கோவாவை 7-6, 6-0 என்று முடித்தாள். மேடையில் பேசும்போது, என்னைப் பணக்காரி ஆக்கினாய் என்று ஏஜென்ட்டுக்கு நன்றி. பானம் கலந்து கொடுக்கிறாய், ராக்கெட்டைச் சரிசெய்து கொடுக்கிறாய், நல்ல பையன் நீ, என்னைக் கண்டுபிடித்தது உன் அதிர்ஷ்டம் என்று கணவனுக்கு. நாட்டுக்கு நன்றி சொல்லவில்லை என்று ஊரில் முணுமுணுப்பு.

ஊர் திரும்பியதும் இன்னொரு கூத்து. வூஹான் விமான நிலையத்தில் மாகாணத் தலைவர்கள் 8 லட்சம் யுவான் பரிசு என்று பெரிய அட்டைக் காசோலையைக் கொடுக்கிறார்கள். படத்தைத் தேடிப் பார். பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு, இவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அந்தக் களையிழந்த முகம் மேடைப் பேச்சைவிட அதிகம் பேசிவிட்டது. அவள் கேட்ட பணம் இல்லை அது.

அந்த பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். செப்டம்பரில் ஓய்வு. வேறென்ன, முட்டிதான். நான்கு அறுவை சிகிச்சை, மூன்று வலது முட்டியில், கடைசி ஒன்று இடதில். பிரிவுக் கடிதத்தில் எழுதியிருக்கிறாள், வீக்கத்துக்கும் வலிக்கும் முட்டியில் போட்ட ஊசிகள் நூற்றுக்கணக்கில் என்று. 32 வயது. சொந்த ஊரில் முதல்முதலாக ஒரு பெரிய டென்னிஸ் போட்டி, வூஹான் ஓபன், தொடங்க இருந்த சமயம் அது. அதில் அவளால் ஆட முடியவில்லை. நான் துண்டை அழுத்திக்கொண்டே இதையெல்லாம் படிக்கிறேன், எனக்கு வெறும் தேய்மானம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சமீப வருடங்களில் ஜெங் சின்வென் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், அவளும் வூஹான் இருக்கிற ஹுபேய் மாகாணம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம். லீ நா மல்லாந்து விழுந்த அதே அரங்கத்தில் இவளும் விழுந்தாள். 2011-ல் இவளுக்கு எட்டு வயது.

சின்னவளுக்கு இதை எல்லாம் சொல் என்று நான் எழுதவில்லை. சொல்லாதே. பதினாலு வயதில் யாராவது என்னிடம் ஒரு சீனப் பெண்ணின் கதையைச் சொல்லியிருந்தால் நான் அடுப்படிக்கு ஓடியிருப்பேன். அவள் இரண்டு வருடம் சும்மா இருக்கட்டுமே. திரும்ப எடுப்பாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? எடுக்காவிட்டால் என்ன, நாமும்தான் கல்லூரிக்கு அப்புறம் எடுக்கவில்லை.

ஆனால் பரண் வேண்டாம். உன் வீடு ஓட்டு வீடு, சித்திரையில் மேலே அனலாக இருக்கும், ராக்கெட்டின் நரம்பு போய்விடும். இறக்கிப் பீரோவுக்குப் பின்னால் சாத்தி வை.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். மாடி அறை எனக்கு எட்டாது, கீழேயே படுக்கை போட்டு வைக்கிறேன். வரும்போது அந்தக் கோப்பையோடு எடுத்த படத்தைக் கொண்டு வா. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பின்வரிசைக்காரி