வலைப்பந்துத் தேர்வுப் பட்டியலில் இடம் பெறாத பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

மண்டல அளவில் உயர்நிலை வலைப்பந்து (நெட்பால்) பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் இருபத்தாறு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் மாணவிகளையும் திரட்டி, மாநில அணி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பயிற்சி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அது அரசாணையாகவோ சுற்றறிக்கையாகவோ இறுகிவிடுவதற்குள், தேர்வு முறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வு முகாமுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். அவள் சித்தேரி மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்து, அரூரில் என்னோடு சேர்ந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே முக்கால். தேர்வோ எட்டரைக்கே தொடங்கிவிட்டிருந்தது. சுவரில் சாக்பீஸால் கிழித்திருந்த கோட்டின் அருகே நிறுத்தி, ஐந்தடி ஓரங்குலம் என்று குறித்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளாகச் சென்டரில், அதாவது நடுக்களத்தில், ஆடி வந்தவளை, எதிரணி கோல் போடாமல் தடுக்கும் கோல் டிபென்ஸ் இடத்தில் நிறுத்தி எட்டு நிமிடம் ஆட விட்டார்கள். மூன்று மணிக்கு ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு, "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க டீச்சர்" என்றார் ஒருவர், கையிலிருந்த தாளிலிருந்து நிமிராமலேயே. அடுத்த வருஷம் அவள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

உயரம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவர் மட்டுமே, அதுவும் வளையத்தின் முன்னே வரைந்திருக்கும் அரைவட்டத்துக்குள் நின்றுதான் கோல் போட முடியும். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண் தர்ஜினி சிவலிங்கம் 2 மீட்டரைத் தாண்டிய உயரத்தோடு அந்த இடத்தில் நின்று இலங்கை அணிக்கு ஆசியக் கோப்பைகளை வென்று தந்ததைப் பார்த்தவர்கள், நம் ஊரிலும் அப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாளா என்று தேடுவது இயல்புதான். ஆனால் அந்த உயரத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது, தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது என்ற ஆட்டத்தில், இரண்டு அரைவட்டங்களையும் தவிர ஆடுகளம் முழுவதும் ஓடி, தடுப்பவளின் கைக்கு மேலே எப்போது எறிய வேண்டும், கீழே எப்போது தரையில் மோதவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கணநேரத்தில் முடிவெடுப்பவள் சென்டர். பதினைந்து நிமிடமாக நான்கு கால்பகுதிகள் ஆடவேண்டிய அந்த இடத்துக்கு உரியவளை, வேறோர் இடத்தில் நிறுத்தி எட்டு நிமிடத்தில் எடைபோட்டார்கள் என்பதே என் ஆதங்கம்.

எங்கள் பள்ளிகளின் மைதானங்களையும் நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். தனி வலைப்பந்துக் கம்பம் உள்ள பள்ளிகள் மிகக் குறைவு. பெரும்பாலும் கூடைப்பந்துக் கம்பத்திலேயே பழகுகிறார்கள். உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், பலகைதான் சிக்கல். பலகையில் மோதவிட்டு வளையத்துக்குள் இறக்கிப் பழகிய பிள்ளை, பலகையே இல்லாத வலைப்பந்துக் கம்பத்தின் முன் முதன்முதலாகத் தேர்வு நாளில்தான் நிற்கிறாள். பந்து வளையத்தைத் தாண்டி வெளியே போய் விழுகிறது. பார்ப்பவர் 'குறி தப்புகிறது' என்று எழுதிக்கொள்கிறார். இதற்காகவே நான் பழைய லாரி டயருக்குள் சிமெண்ட் கலவை கொட்டி, நடுவில் ஜி.ஐ. குழாயை நட்டு, வெல்டிங் பட்டறையில் வளையம் வைத்து வாங்கினேன். காற்றடித்தால் ஆடும், ஆனால் பலகை இல்லாமல் எறியப் பழக அது போதுமானதாக இருந்தது. மண்தரையும் அப்படித்தான். பந்தைப் பிடித்து ஊன்றிய காலை எடுத்துவிட்டு மறுபடி ஊன்றினால் தப்பு என்பது விதி. செம்மண்ணில் சறுக்கி நிற்கப் பழகிய கால், சிமெண்டுத் தளத்தில் சட்டென்று நிற்கக் கற்றுக்கொள்ளச் சில வாரங்களாவது பிடிக்கும். முகாமுக்கு முந்தைய வாரங்களில் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு சரியான தளத்தை நீங்கள் ஒதுக்கித் தந்தால், தேர்வாளர்கள் பார்ப்பது உண்மையான ஆட்டமாக இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 17 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மாநில அணிகள் உண்டு; அதற்கும் மேலே, 2017-இல் தொடங்கிய எட்டு அணிகள் கொண்ட தேசிய லீக் இருக்கிறது. அந்தப் பணமும் அமைப்பும் நம்மிடம் இல்லை. ஒரு படியில் நிற்கும் பெண்ணுக்கு அடுத்த படி எது என்று தெரிந்திருக்கும் நிலையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே பதினான்கு வயதில் பள்ளி அணியில் பளிச்சென்று ஆடுகிறவள் பதினேழில் என்ன ஆகிறாள் என்று தேடிப் பார்த்தால், வேலைக்குப் போயிருப்பாள், அல்லது வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும்.

பெற்றோர் என்னிடம் கேட்டதெல்லாம், "சர்டிபிகேட் வருமா டீச்சர், வேலைக்கு ஆகுமா?" என்ற ஒன்றைத்தான். அதை அலட்சியமாக நினைக்காதீர்கள். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் 2020-இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட இருபது விளையாட்டுகளில் வலைப்பந்தும் ஒன்று என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. எந்தப் போட்டியில் ஆடினால் எந்தப் படிவத்தில் சான்று கிடைக்கும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, பயிற்சியில் சேரும் நாளிலேயே தாயின் கையில் கொடுங்கள். பிள்ளையை இன்னும் இரண்டு ஆண்டு மைதானத்துக்கு அனுப்ப அந்தத் தாள் உதவும்.

தேர்வாகாதவளுக்கும் ஒரு தாள் வேண்டும். எந்த இடத்தில் ஆடினாள், எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும், அடுத்து எந்த மாதம் பார்ப்பீர்கள் என்ற நான்கு வரி போதும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் என்றில்லாமல், முதற்கட்டத் தேர்வை அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று பிள்ளைகளுக்கு எட்டும் ஊர்களில் வையுங்கள். மலைப் பேருந்துகள் வந்து சேர்ந்த பிறகு, பத்தரை மணிக்குத் தொடங்குங்கள். ஒவ்வொருத்தியும் அவளுக்குரிய இடத்தில் ஒரு முழுக் கால்பகுதியாவது ஆடட்டும்.

நான் வைத்த டயர்க் கம்பங்கள் இரண்டும் அரூர் அருகே ஒரு பள்ளியில் இன்னும் நிற்கின்றன. முதல் தேர்வை அங்கே வைப்பதானால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள். சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அரூர், தர்மபுரி மாவட்டம்.