பச்சை மழைக்கோட்டு அண்ணனுக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கொட்டகலை ரயில் நிலையத்துக்கு அருகே என் கறுப்பனைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணனுக்கு இந்தப் பதிவு.

கறுப்பன் உண்மையில் என் நாய் அல்ல. போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த என் நண்பன் வளர்த்தது. ரயில் படம் எடுப்பதுதான் எங்கள் இருவருக்கும் பொழுதுபோக்கு. கிழமை முழுவதும் கடையில் கணக்கு எழுதிவிட்டு, ஞாயிறானால் கமராவோடு கிளம்பிவிடுவோம். இந்த மலையக ரயில் பாதை 1885இல் நானுஓயாவைத் தொட்டது, 1924இல்தான் பதுளைக்குப் போனது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்லுவான். எரிச்சலாக இருக்கும். இப்போது சொல்ல ஆளில்லை.

அன்று சிங்கமலைச் சுரங்கத்தின் பக்கம் தனியாகப் போயிருந்தேன். ரயிலின் ஊதலுக்கு மிரண்டு, கறுப்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. மழையில் மூன்று மணித்தியாலம் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

நீங்கள் வந்தீர்கள். நாயைக் கீழே விடாமலேயே, சட்டைப்பையிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, அதன் காது மடலில் தொங்கிய அட்டைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தீர்கள். நான்கு அட்டைகள். பேர் கேட்பதற்குள் தலவாக்கலை பஸ் வந்துவிட்டது. "தம்பி, முதலில் தலையைத் துவட்டுங்கள்" என்றுவிட்டு ஏறிப் போய்விட்டீர்கள்.

மிகவும் நன்றி, அண்ணே. உங்கள் உப்புப் பொட்டலம் என்னிடம்தான் இருக்கிறது.