கிளை நூலகச் சுற்றுப்புறத்தை அமைதிப் பகுதியாக்கவும், மாதிரித் தேர்வு நடத்தும் முறையை மாற்றவும் கோரிக்கை மனு

அனுப்புநர்
போட்டித் தேர்வுப் பிரிவு வாசகர்கள்,
முழுநேரக் கிளை நூலகம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நூலகத்தை ஒட்டிய ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கட்டுப்படுத்துதல், மாதிரித் தேர்வில் மைக்கில் ரேங்க் வாசிப்பதை நிறுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கிளை நூலகத்தின் மாடியில் உட்கார்ந்து குரூப் 4, காவலர், ஆசிரியர் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் சேர்ந்து இந்த மனுவை அளிக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் வீட்டில் படிக்கத் தனி அறை கிடையாது. கோச்சிங் சென்டரில் பணம் கட்டவும் வசதி இல்லை. இந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை.

நூலகத்துக்கும் பக்கத்துத் திருமண மண்டபத்துக்கும் நடுவே ஒரு சந்துதான் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் மண்டப வாசலில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கும். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, கச்சேரி. மறுநாள் காலை சினிமாப் பாட்டு, நடுநடுவே மொய் எழுத வரச் சொல்லி அறிவிப்பு. கல்யாணம் நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டியது தெரு முழுக்க ஏன் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

"பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் படித்தவர்கள் எல்லாம் அதிகாரி ஆகவில்லையா, பழகிக்கொள்ளுங்கள்" என்று எங்களிடம் சொல்பவர்கள் உண்டு. மின்விசிறி இரைச்சலுக்குப் பழகிவிட்டோம், அது உண்மை. ஒரே மாதிரி ஓடும் சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும். பேச்சும் பாட்டும் அப்படி அல்ல. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கும் வேலையை ஆங்கிலம் பேசுபவர்களுக்குக் கொடுத்து, பக்கத்தில் அவர்களுக்குப் புரியாத ஜெர்மன் மொழிப் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். ஒரு சொல்லும் புரியாதபோதே நினைவு தடுமாறியது. 1982-ல் சலாமே, பேட்லி என்பவர்கள் எண்களை வைத்துச் செய்த சோதனையிலும் இதே முடிவுதான் வந்தது. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. வட்டிக் கணக்கில் ஒரு எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகும் நேரத்தில் "மாப்பிள்ளையின் தாய்மாமன் உடனே மேடைக்கு வரவும்" என்று கேட்டால், அந்த எண் போயே போய்விடும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

சத்தம் நின்ற பிறகும் தொந்தரவு தீர்வதில்லை. கிளாஸ், சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1972-ல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, எப்போது வரும் என்று தெரியாத இரைச்சலைக் கேட்டவர்கள், அது ஓய்ந்தபின் கொடுத்த பிழைதிருத்தும் வேலையில் அதிகம் தவறினார்கள், கடினமான புதிர்களைச் சீக்கிரமே கைவிட்டார்கள். நேரம் முன்கூட்டியே தெரிந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. அதனால் செலவே இல்லாத ஒரு வேண்டுகோளை முதலில் வைக்கிறோம்: மண்டபத்தில் எந்தெந்த நாள் விசேஷம் என்ற பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். அந்த நாட்களில் கணக்கைத் தள்ளிவைத்து, வேறு எதையாவது படித்துக்கொள்வோம்.

அடுத்தது சட்டம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அமைதிப் பகுதியில் பகல் நேர வரம்பு 50 டெசிபல். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அப்படி அறிவிக்கலாம் என்று விதி சொல்கிறது. நூலகத்தின் பெயர் அதில் இல்லை. மாநில அரசு அறிவித்தால்தான் அது அமைதிப் பகுதி ஆகும் என்று 2017-ல் திருத்தமும் வந்துவிட்டது. எனவே எங்கள் நூலகத்தையும் கல்வி நிலையமாகக் கருதி, சுற்றியுள்ள 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க அரசுக்குப் பரிந்துரை செய்ய வேண்டுகிறோம். அதற்குக் காலம் பிடிக்கும் என்று தெரியும். அதுவரை அனுமதிக் கடிதத்திலேயே, வாசலில் கூம்பு கட்டக் கூடாது, ஒலிபெருக்கி மண்டபத்துக்கு உள்ளே மட்டும்தான் என்று நிபந்தனை போட்டால் போதும்.

நிர்வாகம் நினைத்தால் நடக்கும் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், தண்டவாளம் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் மறுபக்க வகுப்புகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டை போட்டார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினார்கள். 1981-ல் மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை.

இன்னொரு கோரிக்கையைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறோம். ஏனென்றால் இது எங்களுக்கு நல்லது செய்பவர்களைப் பற்றியது. ஞாயிறுதோறும் இதே மாடியில் இலவச மாதிரித் தேர்வு நடக்கிறது. அதற்கு என்றும் நன்றியுடையவர்கள். ஆனால் தேர்வு நடக்கும்போதே, யார் முடித்துவிட்டார், இன்னும் எத்தனை நிமிடம் என்று மைக்கில் சொல்கிறார்கள். முடிந்ததும் முதல் ரேங்க்கிலிருந்து கடைசி ரேங்க் வரை பெயரோடு வாசிக்கிறார்கள். வெறி வந்தால்தான் படிப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

அது பாதி சரி. நன்றாகப் பழகிய வேலையைப் பக்கத்தில் ஆள் இருந்தால் வேகமாகச் செய்வோம்; புதிதான, சிக்கலான வேலையில் தடுமாறுவோம். சயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-ல் இதை விளக்கினார். நான்கு ஆண்டு கழித்து அவர் குழு கரப்பான்பூச்சிகளை வைத்தே சோதித்தது: மற்ற கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருக்க, நேர்ப்பாதையில் வேகமாக ஓடிய பூச்சி, சிக்கலான பாதையில் மெதுவாகிவிட்டது. (மனுவில் கரப்பான்பூச்சியைக் கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும்.) மனப்பாடமான குறளுக்கு ரேங்க் பயம் உதவலாம். எண் தொடருக்கு உதவாது. போட்டியாளர் கூட்டம் பெருகப் பெருக முயற்சி தளரும் என்பதையும் கார்சியா, டோர் இருவரும் 2009-ல் காட்டினார்கள்: பத்துப் பேரோடு மோதுவதாக நினைத்தவர்கள், நூறு பேரோடு மோதுவதாக நினைத்தவர்களைவிட ஓர் எளிய வினாத்தாளை வேகமாக முடித்தார்கள். பல லட்சம் பேர் எழுதும் தேர்வு இது என்று எங்களுக்குத் தெரியும், அதை வாராவாரம் மைக்கில் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

கடைசி ரேங்க்குகளில் பெயர் வாசிக்கப்பட்ட சிலர், குறிப்பாகக் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண்கள், இப்போது மாதிரித் தேர்வுக்கே வருவதில்லை. ஆகவே மதிப்பெண்ணை அவரவர் கையில் தாளாகக் கொடுக்கவும், போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று அதிலேயே குறிக்கவும், கீழ்த்தளத்துச் சிறுவர் பகுதியையும் திறந்து இரண்டு சிறு குழுக்களாக உட்காரவைக்கவும் மாவட்ட நூலக அலுவலர் வழியாக அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறோம். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரமே போதும். அதற்கு ஒரு பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும்.

உத்தரவிடும் முன், ஒலி அளக்கும் கருவியோடு ஓர் அலுவலரை ஏதேனும் ஒரு முகூர்த்த நாள் காலையில் மாடிக்கு அனுப்பிப் பாருங்கள். ஜன்னலோர மேசையில் அவருக்கு இடம் ஒதுக்கித் தருகிறோம்.

இணைப்பு: வாசகர்களின் கையொப்பப் பட்டியல், ஒலிபெருக்கி கட்டிய இடத்தின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போட்டித் தேர்வுப் பிரிவு வாசகர்கள்