மண்ணு உடையல, ஆனா வீடு இறங்கிடுச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வியாசர்பாடி பக்கம் வீடு கட்டுறவங்க நிறைய பேர் மண் டெஸ்ட் ரிப்போர்ட்ல தாங்குதிறனை மட்டும் பாத்துட்டு அஸ்திவாரம் போட்டுடுறாங்க, எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு, மண்ணு உடையல ஆனா ஒரு பக்கமா இறங்கி சுவரெல்லாம் விரிசல். தாங்குதிறன் வர்றது வெட்டு வலிமையை, அதாவது மண்ணு சறுக்கி உடையாம தாங்குற பலத்தை வெச்சு. அது வேற, பாரம் ஏறும்போது அமுங்காம நிக்கிற விறைப்பு வேற சார். களிமண்ணுல வெட்டு வலிமையை ஒரு எண்ணால பெருக்கி விறைப்பை கணக்கு போடுவாங்க, அந்த எண் 100ம் இருக்கலாம் 1000ம் இருக்கலாம், பிளாஸ்டிசிட்டி (ஈரத்துல உடையாம பிசைய வர்ற தன்மை) அதிகமான மண்ணுக்கு ரொம்ப கம்மி. எல்லா எடத்துக்கும் ஒரே எண்ணை போட்டா எப்படி? அதோட களிமண்ணுலேர்ந்து தண்ணி மெதுவா தான் வெளியேறும், வீடு வருஷக்கணக்கா இறங்கிட்டே இருக்கும், அதுக்கு கன்சாலிடேஷன் டெஸ்ட் (பாரத்துல தண்ணி வெளியேறி மண்ணு எவ்வளவு அமுங்கும்னு பாக்குறது) தனியா எடுக்கணும். பிளான் அப்ரூவல் தரும்போதே மாநகராட்சி இந்த ரிப்போர்ட்டையும் கேக்கணும்.

ஒரு வாசகர், வியாசர்பாடி