பயண நேரத்துக்கு ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறை நெருங்கினால், "தூரம் இத்தனை கிலோமீட்டர், பயண நேரம் இத்தனை மணி" என்று பயணப் பக்கங்களில் ஒரே வரியில் தகவல் வருவது வழக்கம். தூரத்துக்கு ஓர் எண் போதும். நேரத்துக்குப் போதாது.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 2,920 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் மூன்றேகால் மணி வரும். டிக்கெட்டிலோ நான்கு மணியை ஒட்டி இருக்கும். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் மேலெழும் நேரமல்ல, வாயிலை விட்டு நகரும் நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, தரையிறங்க முறை வரும்வரை வட்டமிடுவது எல்லாம் சேர்ந்துதான் அந்த முக்கால் மணி.

அடுத்தது கடிகாரக் குழப்பம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 9.30 என்று காட்டும். ஒன்றரை மணிப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது இரவு 11 மணிக்கு ஏறினால் இங்கே விடிகாலை 5.30, ஆறரை மணி போலத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், நான்கு மணி வரும். போகும்போது குறைந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் வரும்போது கூடிவிடுவதால் கணக்கு நேராகிறது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால்தான் இருக்க வேண்டும். 1982 முதல் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அந்த ஒரு மணியும் இதில் சேர்த்திதான்.

நெடுந்தூரத்தில் காற்றுதான் எஜமான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்றை எதிர்த்து லண்டன் செல்ல ஏறத்தாழ 14 மணி. அதே காற்று பின்னால் தள்ள, திரும்ப 13 மணி. ஆகவே "லண்டன் 13 மணி" என்று மட்டும் எழுதினால் பாதிதான் சரி.

நியூயார்க் இன்னும் விநோதம். அது நமக்கு ஏறக்குறைய உலகின் நேர் மறுபக்கத் தீர்க்கரேகையில் இருப்பதால், மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டியே போகிறது. காகிதத்திலேயே கணக்கிடலாம்: இங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு 49.4 பாகை. மொத்தம் 138. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கி.மீ. என்று பெருக்கினால் 15,335 கி.மீ. ஆனால் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியே, அதிகத் தூரம் சுற்றித்தான் பறக்கிறது. பின்காற்று கிடைத்தால் நீளமான பாதையே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்கென்றே உள்ள, மிக நெடுந்தூரம் பறக்கும் வகையான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் வைத்திருப்பது 161 இருக்கைகள்தான்.

எனவே இத்தகைய தகவல்களில் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாக, வாயிலிலிருந்து வாயில்வரை என்ற குறிப்புடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நியூயார்க் நம்மைவிட கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் பின்தங்கியிருப்பதால், எந்த மாதத்துக் கணக்கு என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

வாசகர்,
ஈசூன்