வாசலில் நின்று "நான் ஆர், சொல்லு பாப்பம்" என்று கேட்க வேண்டாம்: அதிபரின் தவணை இறுதிக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே,

முதலாம் தவணை முடிகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது, தமிழ்த்தினப் போட்டிக்கான பயிற்சியைத் தொடங்கிவிட்டோம், வாவிப் பக்க மதிலோரத்தைச் சிரமதானத்தில் துப்புரவாக்கித் தந்த எல்லோருக்கும் நன்றி. முன்னேற்ற அறிக்கையை வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக.

நம் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு முகங்களை வைத்து ஆட்களை அடையாளம் காண முடியாது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பார்வையில் குறை இல்லை, கரும்பலகையில் எழுதுவதைக் கடைசி வாங்கிலிருந்தே வாசிக்கும். மறதியும் இல்லை, வாய்ப்பாடு கேட்டால் தடுமாறாமல் சொல்லும். உங்கள் கண், மூக்கு, வாய் எல்லாம் அதற்குத் தெரிகிறது, ஆனால் இது இன்னாருடைய முகம் என்பது மட்டும் பிடிபடாது. நேற்று அரை மணித்தியாலம் கதைத்த உங்களை இன்று சந்தையில் கண்டால் புது ஆள்தான்.

வைத்தியர்கள் இதைப் புரோசோபக்னோசியா என்கிறார்கள். 1947இல் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மன் நரம்பியல் வைத்தியர் வைத்த பெயர். தலையில் அடிபட்டோ பாரிசவாதத்தாலோ வரலாம், பிறவியிலேயே இருக்கலாம், சில குடும்பங்களில் பரம்பரையாகவும் தொடரும். 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு ஓரளவுக்கேனும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாத வேறு பிள்ளைகளும், ஏன் பெரியவர்களும், நம்மிடையே இருக்கலாம். சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையாருக்கும் இருந்தது, நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸுக்கும் இருந்தது. அதனால் புத்திக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். மாற்றுவதற்கு மருந்து இல்லை. குரல், நடை, தலைமுடி, உடுப்பு, நிற்கும் இடம் இவற்றை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

அங்கேதான் பாடசாலை அவர்களுக்குப் பெரிய சோதனை. எல்லோருக்கும் ஒரே வெள்ளை, ஒரே ரை, ஒரே இரட்டைப் பின்னல், ஒரே ரிபன். பிடித்துக்கொள்ள இருக்கும் அடையாளங்களையெல்லாம் சீருடை அழித்துவிடுகிறது. இடைவேளையில் இந்தப் பிள்ளை தனியே நின்றதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. வணக்கம் சொல்லாமல் கடந்து போனதற்காக நானே ஒருநாள் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறேன். அதற்காகப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இனிச் சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். இரண்டு மணிக்கு கேற்றடியில் பிள்ளைகளை ஏற்ற வரும் சிலர், விஷயம் கேள்விப்பட்டதும், அந்தப் பிள்ளையை மறித்து "என்ன மகள், என்னைத் தெரியல்லையா? நான் ஆர், சொல்லு பாப்பம்" என்று கேட்கிறீர்கள். பகிடிக்குத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும், பாசத்தில் கேட்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து பேர் கேட்டால் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருமா? போன கிழமை இரண்டு நாள் வரவில்லை. "கண்டும் காணாத மாதிரிப் போறாள், பெருமை" என்ற கதையும் என் காதுக்கு வந்தது. இது இன்றோடு நிற்க வேண்டும். இனியும் கேற்றடியில் யாராவது அந்தப் பிள்ளையை இப்படிச் சோதித்தால் நேரே அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதைப்பேன், யாராக இருந்தாலும் சரி. எந்தப் பிள்ளை என்று தெரியாதவர்கள் விசாரித்துக்கொண்டு திரியவும் வேண்டாம்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. போன மாதம் அந்தப் பிள்ளை வேறொருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறப் போனது. அப்பாவுடையதைப் போலவே கறுப்பு ஹெல்மெட், நீலச் சேர்ட். நல்ல மனிதர், உடனே உள்ளே கூட்டி வந்து விட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் பிள்ளையை ஏற்ற வருபவர் ஹெல்மெட்டைக் கழற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, தினமும் ஒரே இடத்தில் நிற்கட்டும். வேறு யாரையும் அனுப்புவதென்றால் முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போன் பண்ணுங்கள். இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த தவணையிலிருந்து ஆசிரியர்கள் எல்லோரும் பெயர்ப்பட்டி அணிவோம், வகுப்பில் யாரும் இருக்கையைத் திடீரென்று மாற்ற மாட்டோம்.

உங்களிடம் கேட்பது சின்ன உதவி. தெருவிலோ கோயில் திருவிழாவிலோ கண்டால் "நான் இன்னாருடைய அம்மா" என்று முதலில் நீங்களே சொல்லிவிட்டுக் கதையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பழகுவார்கள், அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போதே பேரைச் சொல்லிக்கொண்டுதான் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆரம்பத்திலிருந்து "வான் மாமா வந்திருக்கன்" என்று குரல் கொடுத்து அந்தப் பிள்ளையை ஏற்றிப் போகும் வான்கார ஐயாவுக்கும், வாசலில் கச்சான் விற்கும் அம்மாவுக்கும், பொறுமையாக இதை எங்களுக்கு விளங்கப்படுத்திய பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு நீளக் கடிதத்தை வாசித்த உங்களுக்கும்தான்.

அன்புடன்,
அதிபர்
மட்டக்களப்பு